குறட்டைக்கு வாயில் மாட்டும் கருவி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது, அதற்காகப் பல்லில் மாட்டும் கருவி ஆகியவை பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரு பல் மருத்துவரும் ஒரு நெஞ்சக நோய் மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு 46 வயசு. ராத்திரி கூர்க்கம் பயங்கரமா இருக்கு. நடுவுல சத்தமே இல்லாம நின்னு, பிறகு திணறின மாதிரி மூச்சை இழுப்பாங்க. சுடுதண்ணியில போட்டு எடுத்துக் கடிச்சா போதும்னு ஒரு ரப்பர் கவசம் போன்ல விளம்பரம் வருது. வாங்கலாமா?
— மார்த்தாண்டம் வாசகி

இப்போது வாங்க வேண்டாம். கடிதத்தில் எங்களை நிறுத்தியது "நடுவுல சத்தமே இல்லாம நின்னு" என்ற வரி.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. பாதை குறுகும்போது மெல்லண்ணமும் உள்நாக்கும் காற்றில் அதிரும் சத்தம்தான் குறட்டை. பாதை முழுக்க அடைத்துவிட்டால் சத்தம் இருக்காது. 10 நொடியோ அதற்கு மேலோ அப்படி அடைத்துக்கொண்டால் அதை மூச்சுத்தடை என்று கணக்கிடுகிறோம். ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை அரைகுறையாக விழித்துத் தசையை இறுக்குகிறது, மூச்சு திரும்புகிறது. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. தலைவலியும் அசதியும்தான் மிச்சம். நாளடைவில் ரத்த அழுத்தமும் ஏறும்.

மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்பதுதான் அளவு. 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இதைப் பல பேருக்கு வீட்டிலேயே ஒரு ராத்திரியில் எடுத்துவிடலாம். மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப், அவ்வளவுதான். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ முதலில் காட்டுங்கள். போகும்போது மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: தையல் டேப்பில் எடுத்த கழுத்துச் சுற்றளவு (40 செ.மீ.க்கு மேல் என்றால் சந்தேகம் கூடுகிறது), சமீபத்திய ரத்த அழுத்த அளவு, விடியற்காலையில் அவர் மல்லாந்து தூங்கும்போது போனில் பத்து நிமிடம் பதிவு செய்த சத்தம். அந்தப் பதிவு ஒரு பக்கக் கடிதத்தை விட அதிகம் சொல்லும்.

சுடுதண்ணீர்க் கவசத்தில் தாடை எவ்வளவு முன்னே வருகிறது என்பது கடித்தவரின் குத்துமதிப்பு. கடித்தது கோணல் என்றால் ஒரு பக்க மூட்டு வலிக்கும். தடிமனாக இருப்பதால் உதடு மூடாது, வாய் உலரும். சில மாதங்களில் தளர்ந்து, தூக்கத்தில் கழன்று தலையணையில் கிடக்கும். இத்தனையையும் பொறுத்துக்கொண்டாலும் ஒன்றைப் பொறுக்க முடியாது: சத்தம் பாதியாகும், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, உள்ளே மூச்சு நிற்பது மட்டும் தொடரும். பிறகு யாரும் பரிசோதனைக்குப் போக மாட்டார்கள்.

ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறேன். ஒரு தடவை போனால் 30, 40 நாள். தூக்கப் பரிசோதனையில் 22 என்று வந்து, காற்று அழுத்தும் மெஷின் தந்தார்கள். கரையில் போடுகிறேன், போட்டில் முடியவில்லை. வாய்க்கருவி எனக்கு ஒத்துவருமா?
— தூத்தூர் வாசகர்

ஒத்துவர வாய்ப்பு அதிகம். மூச்சு நிற்கும் எண்ணிக்கையைக் குறைப்பதில், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டைப் பாதையைத் திறந்து வைக்கும் அந்த மெஷின்தான் கெட்டி. ஆனால் நீங்கள் கடலில் இருக்கும் நாற்பது ராத்திரியும் அது வீட்டில் இருந்தால் என்ன பயன்? வாய்க்கருவியின் திறன் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஆட்கள் அதை அதிக நேரம் போட்டுக்கொள்கிறார்கள். லேசான, நடுத்தர நிலைகளில் இரண்டின் பலனும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுவது அதனால்தான். எண்ணிக்கை 30-க்கு மேல் போய், ஆக்சிஜனும் ரொம்ப இறங்கி, இதய நோயும் இருப்பவரை மெஷினை விட்டுவிட்டு இதற்கு மாறச் சொல்ல மாட்டோம். மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராமல் நிற்கும் வகை ஒன்று உண்டு, அதற்கு இது உதவாது.

மேல் பல்லுக்கு ஒரு தட்டு, கீழ்ப் பல்லுக்கு ஒரு தட்டு, இரண்டையும் இணைக்கத் திருகு அல்லது பட்டை. கருவி இவ்வளவுதான். கீழ்த் தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துவது அதன் வேலை. நாக்கின் பெரிய தசை கீழ்த் தாடையின் உள்பக்கத்தில், முன்பற்களுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. தாடை முன்னே வந்தால் நாக்கும் கூட வரும், மெல்லண்ணத்துக்குப் பின்னால் பாதை பக்கவாட்டிலும் அகலும். இந்த யோசனை பழையது. பியேர் ரோபின் என்ற பிரெஞ்சு மருத்துவர் தாடையை முன்னே நிறுத்தும் கருவியை 1902-லேயே செய்திருக்கிறார். மெஷின் வந்தது 1981-ல்தான்.

பல் மருத்துவர் முதலில் பார்ப்பது கருவி பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்று. மேலேயும் கீழேயும் தலா 8 பல்லாவது ஆடாமல் இருக்க வேண்டும், அதில் கடைவாய்ப் பற்களும் இருப்பது நல்லது. ஈறில் ரத்தம் வந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், ஆடும் பல்லில் ராத்திரி முழுக்க விசை கொடுத்தால் பல் போய்விடும். அடைக்க வேண்டிய சொத்தை, போட வேண்டிய கேப், எடுக்க வேண்டிய கடைசிப் பல் எல்லாவற்றையும் அளவெடுப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். கருவி வந்த பிறகு ஒரு கேப் போட்டால்கூடத் தட்டு அந்த இடத்தில் உட்காராது. காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் வலி, பூட்டிக்கொள்வது உண்டா என்றும் பார்ப்பார்கள். கீழ்த் தாடையை உங்களால் 5 மி.மீ. கூட முன்னே தள்ள முடியவில்லை என்றால் இந்தக் கருவியில் பெரிய பலன் கிடைக்காது.

பிறகு ஆல்ஜினேட் மாவிலோ ஸ்கேனரிலோ பல் அளவு. அடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: தாடை அளவு. கோடு போட்ட ஒரு சிறிய அளவுகோலை முன்பற்களில் கடிக்கவைத்து, தாடையை முழுக்கப் பின்னால் இழுக்கச் சொல்வார்கள், பிறகு முழுக்க முன்னால் தள்ளச் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையே 12 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி அல்லது பாதிக்குச் சற்று மேல், அதாவது 6 முதல் 7 மி.மீ. உங்கள் ஆரம்ப நிலை. மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே 3 முதல் 5 மி.மீ. திறப்பு. இதற்கு மேல் திறந்தால் தாடை பின்னோக்கிச் சுழன்று, முன்னே கொண்டுவந்ததெல்லாம் வீணாகும். சீக்கிரம் பலன் வேண்டும் என்று முதல் நாளே கடைசி எல்லையில் வைத்துத் தரச் சொல்லாதீர்கள். அப்படி ஆரம்பிப்பவர்கள் மூட்டுவலி தாங்காமல் இரண்டு வாரத்தில் கருவியை டப்பாவில் போட்டுவிடுகிறார்கள்.

கருவி வந்ததும் ஒன்று, இரண்டு வாரம் அந்த நிலையிலேயே தூங்குங்கள். பிறகு தடவைக்கு 0.25 முதல் 0.5 மி.மீ., அடுத்ததற்கு நாலைந்து நாள் இடைவெளி. திருகு வகையில் பெரும்பாலும் ஒரு கால் சுற்று 0.25 மி.மீ., கருவிக்குக் கருவி இது மாறும் என்பதால் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத் திருகையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மறந்தால் தாடை கோணிக்கொண்டு நிற்கும். எந்தத் தேதியில் எத்தனை சுற்று என்று காலண்டரிலேயே எழுதுங்கள். குறட்டை நின்று, காலையில் தலை தெளிவாக இருந்தால் அங்கே நிறுத்திவிட்டு, கருவியை மாட்டிக்கொண்டே மறுபடியும் தூக்கப் பரிசோதனை. 22 இப்போது எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் மெஷினை ஒதுக்குவது பற்றிப் பேச்சு.

உங்களுக்கு இதற்குத் தோதான காலம் மேற்குக் கடற்கரைத் தடைக்காலம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை தொடங்கக் கரை சேர்ந்ததும் அளவு கொடுங்கள். லேபில் இரண்டு, மூன்று வாரம் போனாலும் திருகிச் சரிசெய்யவும் மறுபரிசோதனைக்கும் ஜூலை இருக்கிறது. பழகாத கருவியோடு கடலுக்குப் போகாதீர்கள், நடுக்கடலில் ஒரு விளிம்பு ஈறைக் கிழித்தால் ராவித்தர யாரும் இல்லை. போட்டில் கருவியை இன்ஜின் அறைப் பக்கம் வைக்கக் கூடாது, சூட்டில் வளையும். துளை உள்ள டப்பாவில் வைத்து, கழுவுவதற்குத் தினமும் ஒரு தம்ளர் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். வாந்தி வருகிற ராத்திரி மாட்ட வேண்டாம். திருகுச் சாவி இரண்டாக வாங்கி, ஒன்றை வீட்டில் வையுங்கள்.

எனக்கு 64 வயது. மேலும் கீழும் முழு பல்செட். குறட்டைக்கு இந்தக் கருவி போடலாமா?
— வடசேரி வாசகர்

பல்செட்டின் மேல் போட முடியாது, தாடை முன்னே வருவதற்குப் பதில் கீழ்ச் செட் கழன்று வரும். மேலே செட், கீழே சொந்தப் பற்கள் என்பவர்களுக்குச் செட் நன்றாகக் கவ்வியிருந்தால் சில சமயம் செய்யலாம். எலும்பில் திருகிய இம்பிளாண்ட் இருந்தாலும் வழி உண்டு.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது நாக்கைப் பிடிக்கும் வகை. மென்மையான சிலிக்கானில் செய்தது, உதட்டுக்கு வெளியே ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். குமிழை விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, நாக்கு நுனியை உள்ளே விட்டு, விரலை எடுத்தால் நாக்கைக் கவ்விக்கொள்ளும். பல் தேவையில்லை. மூக்கு அடைத்திருந்தால் மட்டும் இது ஆகாது. ரொம்ப அழுத்திக் கவ்வவிட்டால் காலையில் நாக்கு நுனி புண்ணாகவும் மரத்தும் இருக்கும், அடுத்த நாள் குமிழைக் கொஞ்சமாக அழுத்துங்கள். எச்சில் வழியும், தலையணையில் ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். இது ராத்திரி கழன்றுவிடுவதும் சகஜம் என்பதால் தாடைக் கருவி அளவுக்கு இதை நம்ப முடியாது. மூச்சுத்தடை இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் மெஷின்தான் முதலில்.

கருவி போட்டு 5 மாதம். காலையில் எழுந்தால் கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று சேரவில்லை, இட்லி மெல்லவே கஷ்டம். தாடையும் வலிக்கிறது. நிறுத்திவிடலாமா?
— தக்கலை வாசகி

நிறுத்த வேண்டாம், எது இயல்பு, எது இல்லை என்று பிரித்துப் பாருங்கள். முதல் ஓரிரு வாரம் எச்சில் அதிகம் ஊறுவது, பற்கள் இறுகின மாதிரி இருப்பது எல்லாருக்கும் உண்டு. காலையில் பல் சேராமல் இருந்து, அரை மணி, ஒரு மணி நேரத்தில் சரியாவதும் இயல்புதான். ராத்திரி முழுக்க முன்னே நின்ற தாடையின் தசைகள் இன்னும் அங்கேயே இழுத்துக்கொண்டிருக்கின்றன. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் சேரவில்லை என்றால் உடனே பல் மருத்துவரிடம் போங்கள்.

காலையில் கருவியைக் கழற்றியதும் செய்ய வேண்டிய பயிற்சியைப் பல பேருக்குச் சொல்லியே அனுப்புவதில்லை. கருவி தரும்போது, உங்கள் இயல்பான கடிப்பு பதிந்த ஒரு சின்ன வில்லை செய்து தர வேண்டும். அதைப் பற்களுக்கு நடுவே வைத்து, பல் பள்ளத்தில் உட்காரும் வரை மெதுவாகக் கடித்து 5 முதல் 10 நிமிடம் இருங்கள். வில்லை இல்லை என்றால் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை முகவாயில் கை வைத்துத் தாடையை மெல்லப் பின்னே தள்ளிக்கொண்டே கடைவாயால் கடிக்கலாம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம்.

வலிக்குத் திருகை இரண்டு படி பின்னால் எடுத்து ஒரு வாரம் பாருங்கள். வலி தசையிலா மூட்டிலா என்பதும் முக்கியம். கன்னத்தில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசை, தானாக அடங்கும். காதுக்கு முன்னால் ஒரே புள்ளியில் குத்தி, வாய் திறக்கும்போது தடுக்கினால் மூட்டு. அப்போது கருவியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரே ஒரு பல் மட்டும் கூசினால் தட்டு அந்த இடத்தில் இறுகுகிறது என்று அர்த்தம், உள்பக்கம் லேசாகத் தேய்த்தால் போதும்.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் போட்டால் கீழ் முன்பற்கள் சற்று முன்னேயும் மேல் முன்பற்கள் சற்று உள்ளேயும் சாயும், கடிப்பு மாறும். அதனால்தான் ஆரம்பத்திலேயே பல் அச்சும் படமும் எடுத்துவைத்து, முதலில் ஆறு மாதத்திலும் பிறகு வருடம் ஒருமுறையும் ஒப்பிடுகிறோம். மாற்றம் சிறிதாக இருந்து, மூச்சுத்தடை நன்றாக அடங்கியிருந்தால் தொடரச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். முடிவு உங்களுடையது.

பேருந்து ஓட்டுகிறேன். கருவி போட்ட பிறகு குறட்டையே இல்லை என்கிறாள் மனைவி. ஆனால் ஆரல்வாய்மொழி தாண்டினால் இன்னமும் கண் சொருகுகிறது.
— நாகர்கோவில் வாசகர்

கண் சொருகும் நிலையில் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். டிப்போவில் சொல்லிச் சில நாள் வேறு வேலை கேளுங்கள்.

குறட்டை நின்றதை வைத்து மூச்சுத்தடை நின்றது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதிர்வு குறையத் தாடை கொஞ்சம் நகர்ந்தால் போதும், அடைப்பு விலக அதைவிட அதிகம் நகர வேண்டியிருக்கும். இடைப்பட்ட நிலையில் நிற்பவர்களுக்குச் சத்தமில்லாமல் மூச்சு நிற்கும். உங்களுக்குக் கருவி போட்டபின் பரிசோதனை நடந்ததாகக் கடிதத்தில் இல்லை. கருவியை மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி பரிசோதனை எடுங்கள். எண்ணிக்கை இன்னும் 10-க்கு மேல் என்றால் திருகில் இடம் இருக்கும் வரை முன்னே கொண்டுபோய் மறுபடி பார்க்கலாம். இடம் இல்லையென்றால் மெஷின்.

ராத்திரி டூட்டி முடித்துப் பகலில் தூங்கும்போது கருவி போடுகிறீர்களா? ஓட்டுநர்கள் பல பேர் அதை ராத்திரித் தூக்கத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எந்தத் தூக்கமானாலும் மாட்ட வேண்டும். மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், கருவி பிடித்து நிறுத்தியதை அது அவிழ்த்துவிடும். மல்லாந்து படுத்தால்தான் அடைக்கிறது என்று அறிக்கையில் இருந்தால் பனியனின் முதுகில் ஒரு பையைத் தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளுங்கள், புரள விடாது. எடையில் 10 சதவீதம் குறைந்தால் எண்ணிக்கை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறையும். இவ்வளவும் சரியாக இருந்தும் தூக்கம் வந்தால் தைராய்டு, ரத்தசோகை, போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

ரப்பர் வெட்டப் போகிறேன், 2 மணிக்கு எழும்பணும். வெத்தலை பாக்கு, புகையிலை பழக்கம் உண்டு. பல் டாக்டர் வாய் சரியாகத் திறக்கவில்லை, அளவு எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்.
— குலசேகரம் வாசகர்

குறட்டையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாயில் நுழைத்துப் பாருங்கள். இரண்டு விரல்தான் நுழைகிறது, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் போல் இறுகியிருக்கிறது என்றால், பாக்கினால் வரும் நார்த்தழும்பு நோயாக இருக்கலாம். இது புற்றுநோயாக மாறக்கூடியது. உங்கள் ஊரிலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வாய் நோய்ப் பிரிவில் இந்த வாரமே காட்டுங்கள். பாக்கையும் புகையிலையையும் இன்றே விட வேண்டும், இறுகின வாய் தானாக முன்போலத் திறக்காது. மூச்சுத்தடை இருந்தால் உங்களுக்கு மெஷின்தான், அதற்கு வாய் திறக்க வேண்டிய அவசியமில்லை. 2 மணிக்கு எழுகிறவர் 10 மணிக்குப் படுத்தால் 4 மணி நேரத் தூக்கம்தான். அந்த அசதிக்குக் கருவியும் மெஷினும் மருந்தாகாது.

அப்பாவுக்கு எண்ணிக்கை 41, மெஷின் போடுகிறார். புயலுக்குக் கரண்ட் போனால் என்ன செய்ய? ஒக்கி சமயம் எங்கள் பக்கம் நாட்கணக்கில் வரவில்லை.
— குளச்சல் வாசகி

மெஷினை நிறுத்தாமல், மாற்று ஏற்பாடாக ஒரு வாய்க்கருவி செய்து வைத்துக்கொள்ளலாம். கடுமையான நிலைக்கு அது முழுத் தீர்வல்ல, ஆனால் வெறும் வாயோடு தூங்குவதைவிட எவ்வளவோ மேல். மாதம் சில ராத்திரியாவது மாட்டிப் பழக்கத்தில் வையுங்கள். சும்மா வைத்திருந்தால் பல் நகர்ந்து, தேவைப்படும் நாளில் உட்காராது. அந்த ராத்திரிகளில் ஒருக்களித்து, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கட்டும். மெஷினின் ஈரப்பதச் சூடேற்றியை அணைத்தால் இன்வெர்ட்டர் பேட்டரி அதிக நேரம் தாங்கும்.

பல் கடிப்பதற்காக மேல் பல்லுக்கு ஒரு கவசம் போடுகிறேன். அதுவே குறட்டைக்கும் ஆகுமா?
— அருமனை வாசகர்

ஆகாது. அது தாடையை முன்னே கொண்டுவராது. வாயைத் திறந்து வைப்பதால் மூச்சுத்தடை உள்ள சிலருக்கு நிலைமை மோசமாவதும் உண்டு. குறட்டையும் பல் கடிப்பும் சேர்ந்திருந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை, எந்தக் கருவி என்பது அதற்குப் பிறகு.

கருவியில் வெள்ளையாகப் படிகிறது, நாற்றமும் வருகிறது. பேஸ்ட் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
— இராஜாக்கமங்கலம் வாசகி

பேஸ்ட் போட்டதால்தான் போகவில்லை. அதில் உள்ள உராய்பொருள் நுண்ணிய கீறல் போடும், எச்சிலின் உப்பும் கிருமியும் கீறலில் தங்கும். காலையில் கழற்றியதும், காய்வதற்கு முன்னால், மென்மையான தனிப் பிரஷில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வாரம் இரண்டு முறை, பல்செட் கழுவும் மாத்திரை போட்ட தண்ணீரில் அட்டையில் சொன்ன நேரம் மட்டும் ஊறட்டும். படிந்த சுண்ணாம்புக்கு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் வைத்துத் தேய்க்கலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர். வெந்நீர், பிளீச்சிங் பவுடர் இரண்டும் கூடாது. வீட்டில் நாய் இருந்தால் டப்பாவை உயரத்தில் வையுங்கள், எச்சில் வாசனைக்கு அது தேடிவந்து கடித்துவிடும், நொறுங்கினதை ஒட்டவைக்க முடியாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மூன்று முதல் ஐந்து வருடம் வரும்.

என் பேரனுக்கு 6 வயது. குறட்டை விடுகிறான், வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான். அவனுக்குச் சின்ன அளவில் கருவி கிடைக்குமா?
— சுசீந்திரம் வாசகர்

இந்த வயதில் பெரியவர்களின் கருவியைச் சிறிதாக்கிப் போடக் கூடாது. பால்பல் விழுந்து முளைக்கும் காலம், தாடையும் வளர்கிறது. சின்னப் பிள்ளைகளின் குறட்டைக்குப் பெரும்பாலும் காரணம் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் வீங்கியிருப்பதுதான். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். படுக்கையில் சிறுநீர் போவது, தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்குவது, பகலில் துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காமல் இருப்பது, வகுப்பில் கவனம் இல்லாதது இவற்றில் எதுவும் உண்டா என்று அவன் அம்மாவிடமும் டீச்சரிடமும் கேட்டுக்கொண்டு போங்கள். பெரியவர்கள் மூச்சுத்தடையில் தூங்கி வழிவார்கள், பிள்ளைகள் பல சமயம் அதற்கு நேர்மாறாகத் துள்ளுவார்கள். அதனால் அவன் சுறுசுறுப்பாகத்தானே இருக்கிறான் என்று விட்டுவிடாதீர்கள்.